சுவரைத் தொடாமல் வயரை மறைப்பது

செட்டிநாட்டு வீட்டில் ஹோம் தியேட்டர் வைக்கக் கூப்பிட்டால், போனதும் அண்ணாந்து பார்ப்பேன். உத்தரம் எந்தப் பக்கமாக ஓடுகிறது, கதவு நிலைக்கு மேலே வென்டிலேட்டர் இருக்கிறதா, பழைய வயரிங்கின் தேக்கு ரீப்பர் இன்னும் சுவரில் நிற்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் டிவி எங்கே, சோபா எங்கே என்ற பேச்சு. ஸ்பீக்கர் வாங்கி வைத்துவிட்டு வயருக்கு வழி தேடுகிற வீடுகளில்தான் கடைசியில் வெள்ளைக் கேசிங் பட்டை சுவர் நெடுக ஓடுகிறது. நூறு வருஷத்துச் சுவரில் அந்த வெள்ளைக் கோடு கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் வயரிங் வேலை பார்த்து வருகிறேன். புது வீடென்றால் பூச்சுக்கு முன்பே காடி எடுத்து, 25 மில்லிமீட்டர் பைப்பைப் புதைத்து, உள்ளே ஒரு இழுகம்பியைப் போட்டு வைத்துவிடலாம். பழைய வீட்டில் அந்த வழியை நான் எடுப்பதே இல்லை. சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் பூசி, மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கை வழுக்குகிற அளவுக்குத் தேய்த்து எடுத்த சுவர் அது. கட்டிங் மெஷினை வைத்தால் காடி விழுகிற இடத்தோடு சேதம் நிற்காது. அதிர்வில் இரண்டு பக்கமும் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரியும், விரலால் தட்டினால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் வரும். அதன் மேல் சிமெண்ட் வைத்து அடைத்தால் இன்னும் மோசம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை மறிக்கும். சில மழைக்காலம் போனதும் அடைத்த இடத்தைச் சுற்றி உப்புப் பூத்து, பூச்சு உதிரத் தொடங்கும். அந்தப் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவருகிற கொத்தனார்கள் வெகு சிலரே இருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. வீடு ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருக்காது. வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் பங்காளிகளுக்குப் பிரிந்திருக்கும்; முகப்பும் வளவும் எல்லாருக்கும் பொது. ஒரு வீட்டில் நான் டிரில் மெஷினை எடுத்து வைத்ததுமே ஆச்சி வந்து நின்றுவிட்டார்கள். “தம்பி, செவத்துல மட்டும் கை வைக்காதீங்கப்பா. நாளைக்குப் பெரியவுக பேரன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?” “மரத்துல இருக்குற பழைய ஆணி ஓட்டையே போதும் ஆச்சி” என்றேன். அந்த வேலையை அப்படியேதான் முடித்தோம்.

மரம்தான் இந்த வீடுகளில் வயரை மறைக்கத் தோதான இடம். பர்மா தேக்கு உத்தரம் ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குப் படாத ஒரு பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தில், மேல் விளிம்பை ஒட்டி வயரைக் கொண்டுபோனால் நிழலே மறைத்துவிடும். வயரின் மேலுறை பழுப்பு அல்லது கறுப்பாக இருக்க வேண்டும். கண்ணாடிபோல உள்ளே செம்பு தெரிகிற வயரைப் பலர் ஆசையாக வாங்கி வருகிறார்கள். மரத்தின் மேல் அது மினுங்கும், சில வருஷத்தில் செம்பு பச்சை பிடிப்பதும் வெளியே தெரியும். கிளிப் அடிப்பதாக இருந்தால் புதிதாக ஆணி இறக்காமல், பழைய வயரிங் விட்டுப்போன ஓட்டைகளிலேயே சின்னப் பித்தளை ஸ்குரூ போடுகிறேன். நாளைக்கு எல்லாவற்றையும் கழற்றி எடுத்தாலும் மரத்தில் புது வடு ஒன்றும் இருக்காது.

எனக்கு ரொம்பப் பிடித்த வழி பழைய ரீப்பர். அந்தக் காலத்தில் தேக்குப் பட்டையைச் சுவரில் அடித்து, அதன் மேல் தகரக் கிளிப்பில் வயரை ஓட்டினார்கள். சில வீடுகளில் காடியும் மூடியுமாக மர கேசிங்கே இருக்கிறது. பழைய வயர் செத்திருக்கும், மரம் திடமாக இருக்கும். மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, அந்தக் கோட்டில் கரண்ட் இல்லை என்று உறுதியான பிறகு பழைய ரப்பர் வயரை உருவிவிட்டு, அந்தப் பட்டையிலேயே ஸ்பீக்கர் வயரை ஓட்டினால் வீட்டுக்காரருக்கே வித்தியாசம் தெரியாது. இடையில் பட்டை விட்டுப்போயிருந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழைய சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இடித்த வீடுகளின் மரம் அங்கேதான் வந்து சேருகிறது. பாலிஷ் போடாமல் அப்படியே பொருத்தினால் நிறம் ஒத்துப்போகும். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: 230 வோல்ட் ஓடுகிற வயரும் ஸ்பீக்கர் வயரும் ஒரே காடியில் போகவே கூடாது. எங்காவது உறை நைந்தால் ஸ்பீக்கர் முனையில் கை வைக்கிறவருக்குக் கரண்ட் அடிக்கும். சப்வூஃபருக்குப் போகிற சிக்னல் வயர் என்றால் ஓரடியாவது தள்ளிப் போகட்டும், இல்லையென்றால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் விடாது. குறுக்கே தாண்ட வேண்டிய இடத்தில் நேர் செங்குத்தாகத் தாண்டினால் போதும்.

ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக, முதலில் பழைய ஓட்டையைத் தேடுங்கள். அநேகமாக இருக்கும். ஒலி மேல் ஆசை இந்த ஊருக்குப் புதிதில்லை. கிராமபோன் தட்டு வியாபாரத்திலிருந்து சினிமாவுக்குப் போன ஏவி.மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிக்காரர். 1947-இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தை இங்கே ஸ்டூடியோ நடத்திய நாட்களில்தான் எடுத்தார். ஊரில் வால்வு ரேடியோ வைத்த வீடுகளில் ஏரியல் கம்பியை மாடிக்கு ஏற்ற வென்டிலேட்டர் சட்டத்தில் ஓட்டை போட்டிருப்பார்கள். பீங்கான் குமிழ்கூட சில இடங்களில் அப்படியே தொங்குகிறது. அந்த ஓட்டைக்குள் இரண்டு ஸ்பீக்கர் வயர் தாராளமாகப் போகும். கதவு நிலையை மட்டும் துளைக்க விடமாட்டேன். அந்தச் செதுக்கு வேலைக்கு முன்னால் என் வேலை பெரிதில்லை.

தரைக்கு வந்தால், ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்கிற யோசனையே வேண்டாம். கண்ணாடித் தகட்டின் மேல் கையால் வண்ணம் ஊற்றிச் செய்த கல். ஆத்தங்குடியில் இன்றும் செய்கிறார்கள், ஆனால் பல வருஷம் கால் பட்டு மெருகேறிய நிறத்துக்குப் புதுக்கல் ஈடாகாது. நாடாபோலத் தட்டையான வயர் கிடைக்கிறது. சுவரோரம் ஜமக்காளத்தின் கீழே ஓட்டலாம். ஆள் நடக்கிற பாதையில் ஜமக்காளம் போட்டும் மறைக்காதீர்கள். மிதிபட்டு மிதிபட்டு உறை தேய்ந்து இரண்டு கம்பியும் ஒட்டினால் ஆம்ப்ளிஃபயர் போய்விடும்.

வயர் கனத்தில் கணக்கு எளிது. 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் போகவர மீட்டருக்கு ஏறத்தாழ 0.024 ஓம் தடை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு வயரின் தடை 5 சதவீதத்துக்குள், அதாவது 0.4 ஓமுக்குள் இருந்தால் நல்லது. அப்படியென்றால் 16 மீட்டர் வரை ஓட்டலாம். 2.5 ஸ்கொயரில் 27 மீட்டர் வரை. ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் இரண்டையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். இது ஏன் இங்கே முக்கியம் என்றால், மறைத்துக் கொண்டுபோகிற வயர் ஒருநாளும் நேர்வழியில் போவதில்லை. பின் ஸ்பீக்கர் உட்காருகிறவருக்குப் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி, நேர்முன்னிலிருந்து 110 பாகை அளவில் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் ஐந்து மீட்டர்தான். உயரமான சுவர் ஏறி, உத்தரத்தைச் சுற்றி, மறுபடி இறங்கினால் அது எளிதாக இரண்டு மூன்று மடங்காகும். சணல் கயிற்றை அதே வழியில் ஓட்டி அளந்த பிறகே கடைக்குப் போங்கள். கடையில் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு முலாம் போட்ட அலுமினியம். தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, வளைத்தால் சீக்கிரம் ஒடியவும் செய்யும். இடது வயரும் வலது வயரும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். சில மீட்டர் வித்தியாசத்தைக் காது கண்டுபிடிக்காது. மிச்ச வயரைச் சுருட்டி வைத்து இடத்தை அடைக்காதீர்கள்.

வயரை மறைக்குமுன் இரண்டு முனையிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். உத்தரத்துக்குப் பின்னால் போன பிறகு எது எது என்று தெரியாது. சந்தேகம் வந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஆம்ப்ளிஃபயர் பக்கத்து முனையில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ் சரியாகப் போயிருந்தால் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயரைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

வயர்லெஸ் ஸ்பீக்கர் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்கிறார்கள். அதற்கும் கரண்ட் வேண்டும். வளவு அறைகளில் பின்சுவரில் பிளக் பாயிண்ட் இருப்பது அபூர்வம். ஸ்பீக்கர் வயரை மிச்சப்படுத்தி கரண்ட் வயரை இழுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடுகள் இங்கே நிறைய. அங்கே எலியை நினைத்துத்தான் வழி போட வேண்டும். பரண் மேலும் ஓட்டுக்கூரைக்கு அடியிலும் போகிற பகுதியை மட்டும் பைப்புக்குள் விட்டு, இரண்டு வாயையும் அடைத்துவிடுகிறேன். வயர் போன வழியைத் தாளில் வரைந்து, ஆம்ப்ளிஃபயர் வைத்த அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுகிறேன். அடுத்து வரும் வேலைக்காரர் சுவரைத் தட்டித் தேட வேண்டாம். வீட்டைப் பூட்டுகிறபோது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, இடிக்கு அது காப்பில்லை. பிளக்கையே பிடுங்கி வையுங்கள். கேபிள் டிவி, டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள்.