பிரசவ வலியா? 108-ல் பேசும்போது செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

“வலி வந்துருச்சு, சீக்கிரம் வண்டி அனுப்புங்க!” இதை மட்டும் சொல்லிவிட்டுப் பலர் போனை வைத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸ் இலவசம். ஆனால் போனை எடுப்பவர் கர்ப்பிணியைப் பார்க்க முடியாது. சாதாரண வலியா, குழந்தை இப்போதே பிறக்கப்போகிறதா, தாயின் உயிருக்கே ஆபத்தா என்பதை உங்கள் வார்த்தைகளை வைத்துத்தான் அவர் பிரித்தறிய வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், இதை இன்றே எல்லோரும் படித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

1. இடத்தை முதலில் சொல்லுங்கள். மாவட்டம், ஊர், தெரு, பக்கத்துக் கோயில் அல்லது பள்ளி. பாதியில் லைன் கட்டானாலும் வண்டி வந்து சேரும்.

2. கர்ப்பிணியின் பக்கத்தில் இருந்தே ஸ்பீக்கரில் பேசுங்கள். அவர் முனகுவதும் முக்குவதும்கூட மறுமுனைக்குத் தகவல்தான்.

3. எத்தனை மாதம், எத்தனையாவது பிரசவம், முன்பு சிசேரியனா, இரட்டைக் குழந்தையா என்று சொல்லுங்கள். தலைப்பிரசவத்தைவிட அடுத்தவை பெரும்பாலும் வேகமாக முடியும். 37 வாரம் ஆகவில்லை என்றால் அது குறைப்பிரசவம்.

4. கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு வலி தொடங்கி அடுத்தது தொடங்க எத்தனை நிமிடம்? இரண்டு, மூன்று நிமிடம்தான் என்றால் பிரசவம் நெருங்கிவிட்டது.

5. “பாத்ரூம் வருது” என்று அவர் சொன்னால் உடனே தெரிவியுங்கள். குழந்தையின் தலை இறங்கி அழுத்தும்போது அப்படித்தான் தோன்றும்.

6. பனிக்குடம் உடைந்தால் நீரின் நிறத்தைச் சொல்லுங்கள். பச்சை, பழுப்பு என்றால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம். தொப்புள்கொடியோ கை, காலோ வெளியே தெரிந்தால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

7. ரத்தப்போக்கைக் கணக்காகச் சொல்லுங்கள். “நிறைய” என்பது ஆளுக்கு ஆள் மாறும். “கால் மணி நேரத்தில் இரண்டு பேடு நனைந்துவிட்டது” என்பது மாறாது.

8. கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம், வலிப்பு இருந்தால் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் எகிறியதன் அடையாளமாக இவை இருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகும் சில வாரங்கள் வரை வரலாம்.

செய்யக்கூடாதவை

1. “சூட்டு வலிதான்” என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். என்ன பிரச்சினை என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

2. “எதுக்கு இத்தனை கேள்வி?” என்று கோபித்து போனை வைக்காதீர்கள். அடுத்து என்ன செய்வது என்பதும் அதே போனில்தான் வரும்.

3. ஆரம்ப மாதம்தானே என்று அலட்சியப்படுத்தாதீர்கள். ஒருபக்க வயிற்றுவலியும் மயக்கமும் சேர்ந்தால், கருக்குழாயில் தங்கிய கரு வெடித்திருக்கலாம்.

4. மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். கர்ப்பப்பையின் எடை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

5. முக்கத் தோன்றுபவரைக் கழிப்பறைக்கு அனுப்பாதீர்கள். குழந்தை அங்கேயே பிறந்துவிடும்.

6. வயிற்றை அழுத்தாதீர்கள், கால்களைச் சேர்த்துப் பிடிக்காதீர்கள், குழந்தையை இழுக்காதீர்கள். தாய், சேய் இருவருக்கும் காயம்படும்.

7. தொப்புள்கொடியை வீட்டு பிளேடால் அறுக்காதீர்கள், நஞ்சுக்கொடியை இழுக்காதீர்கள். கிருமித்தொற்றும் கடும் ரத்தப்போக்கும் வரலாம். குழந்தையைத் துடைத்து, தாயின் வெறும் மார்பில் படுக்க வைத்து, இருவரையும் போர்த்துங்கள்.

8. வலிப்பு வந்தவர் வாயில் தண்ணீர், கரண்டி எதையும் வைக்காதீர்கள். மூச்சு அடைத்துவிடும்.

9. ராகு காலம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரத்தப்போக்கு நேரம் பார்த்து நிற்பதில்லை.

இப்போதே ஒரு தாளை எடுங்கள். பிரசவத் தேதி, ரத்த வகை, முந்தைய பிரசவ விவரம், வீட்டுக்கு வழி, 108 என்ற எண். எழுதி போன் சார்ஜ் போடும் இடத்தில் ஒட்டுங்கள். பதற்றத்தில் நாக்கு குழறினாலும் தாளைப் பார்த்துப் படித்துவிடலாம்.