மக்கள் நல ஆராய்ச்சி: அங்கத்தினர் அறிய வேண்டியவை

சென்ற மாதம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பார்வையிடச் சென்றிருந்தேன். கணக்குகளைப் பார்த்து முடித்ததும் சங்கத்தின் காரியதரிசி என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார்: “ஐயா, பல்கலைக்கழகத்திலிருந்து சிலர் வந்தார்கள். வீடு வீடாகச் சென்று, இருமல் உண்டா, இளைப்பு உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. நம்மவர்களில் பலர் கதவைத் திறக்கவே இல்லை. இப்படி எழுதிக்கொண்டு போவதால் நமக்கு என்ன பயன்?”

கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறுவதே இப்பாடத்தின் நோக்கம்.

ஓர் அங்கத்தினரின் பாஸ் புத்தகம் சரியாக இருப்பதைக் கொண்டு சங்கத்தின் நிலையை அறிய முடியாது. பேரேட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் முழுவதும் பார்த்தால்தான் பணம் எங்கே தேங்குகிறது, எங்கே கசிகிறது என்பது புலப்படும். நோயின் கணக்கும் அத்தகையதே. மருத்துவர் தம் முன் வந்த நோயாளியைப் பார்க்கிறார். மக்கள் நல ஆராய்ச்சியாளர் மருத்துவரிடம் வராதவரையும் சேர்த்து ஊர் முழுவதையும் பார்க்கிறார். நோய் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது, எந்தச் சிகிச்சை ஏழைக்கும் எட்டும் என்பனவே அவர் விடை தேடும் வினாக்கள்.

இதற்குச் சிறந்த உதாரணம் நம் சென்னையிலேயே உண்டு. 1950-களில் க்ஷயரோகம் என்னும் காசநோய் கண்டவர்களை ஸானடோரியத்தில் சேர்த்து, ஓய்வும் ஊட்டமான உணவும் அளிப்பதே உயர்ந்த சிகிச்சை எனக் கருதப்பட்டது. ஆனால் நோயாளிகளோ ஏராளம். படுக்கைகளோ மிகச் சில. எனவே, ஏழை தன் வீட்டிலிருந்தே மருந்து உண்டால் நோய் குணமாகுமா என்ற கேள்வி எழுந்தது. இதை ஆராய 1956-ஆம் ஆண்டு சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆகிய நான்கும் இப்பணியில் கைகோத்தன.

நகரின் ஏழ்மையான, நெருக்கமான பகுதிகளிலிருந்து நோயாளிகள் எடுத்துக்கொள்ளப்பட்டனர். யார் வீட்டில் இருப்பது, யார் ஸானடோரியம் செல்வது என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்தார்கள். மருத்துவரே தேர்ந்தெடுத்தால், நோய் முற்றியவர்களை இரக்கத்தால் ஒரு பக்கமே அனுப்பிவிடக்கூடும். பின்னர் எது சிகிச்சையின் பலன், எது நோயின் தன்மை என்று பிரித்தறிய இயலாது. இரு சாராருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்னும் அதே மருந்துகள் ஓராண்டுக் காலம் தரப்பட்டன.

முடிவு 1959-இல் வெளிவந்தது. ஸானடோரியத்தில் இருந்தவர்களின் கோழையிலிருந்து கிருமிகள் சற்று விரைவாக மறைந்தன என்பது உண்மை. ஆயினும் உணவும் ஓய்வும் குறைவாயிருந்தும், ஆண்டு முடிவில் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அவர்களுக்குச் சமமாகவே குணமடைந்திருந்தனர். நோயாளிகளின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் கவனித்து வந்தார்கள். வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தில் நோய் அதிகமாகப் பரவவில்லை. சிகிச்சை தொடங்குவதற்கு முன்பு, நோய் இன்னதென்று அறியாதிருந்த காலமே குடும்பத்தாருக்குப் பெரிய அபாயம் என்பது தெளிவாயிற்று.

அங்கத்தினர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். தறி நின்றுவிடும் என்று அஞ்சி இருமலை மறைக்கும் நெசவாளி, தறியையும் காப்பதில்லை, பிள்ளைகளையும் காப்பதில்லை. இன்று அரசு மருத்துவமனைகளில் கோழைப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரணமாக ஆறு மாதச் சிகிச்சையில் நோய் குணமாகிறது. பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே அதைப் பெறுகின்றனர். இந்த வசதிக்கு வழி திறந்தவர்கள், அன்று கதவைத் திறந்து, கேட்டதற்கு விடை கூறிய சென்னை நகரத்து ஏழைகளே.

இத்தகைய பணிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? 1911-இல் வேறு பெயரில் தோன்றி, 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் என்று பெயர் பெற்ற நிறுவனம், மருத்துவக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஆராய்ச்சி மானியம் வழங்குகிறது. முறை நமக்குப் புதிதல்ல. சங்கத்தில் கடன் கேட்பவர் காரணத்தையும் தொகையையும் எழுதித் தருவதுபோல, ஆராய்ச்சியாளரும் தம் கேள்வியையும் திட்டத்தையும் செலவையும் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். நிபுணர்கள் அதைப் பரிசீலிப்பார்கள். மக்களுக்குத் தீங்கு நேருமா என்று நெறிமுறைக் குழு தனியே ஆராயும். பெற்ற பணத்துக்குக் கணக்குக் காட்டவும் வேண்டும்.

பல்கலைக்கழகங்களில் நடைபெறும் கருத்தரங்குகள் நம் பொதுக்குழுக் கூட்டத்தைப் போன்றவை. ஆராய்ச்சியாளர் தம் முடிவை அங்கே சபையின் முன் வைப்பார். “இத்தனை வீடுகளில் எத்தனை வீட்டார் விடை கூறவில்லை? அவர்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் முடிவு சரியாகுமா?” என்று மற்றவர் குறுக்கே கேட்பார்கள். திறக்காத கதவு ஒவ்வொன்றும் கணக்கில் ஒரு துண்டு விழுவது போன்றது. அதனால் நேரும் நஷ்டமும் நம்முடையதே. நம் தெருவில் நோய் குறைவு என்று ஏட்டில் பதிந்துவிட்டால், உதவி வேறு தெருவுக்குப் போய்விடும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறக்கச் சொல்லவில்லை. விவரம் கேட்டறிந்தபின் சம்மதிக்கவும், விருப்பமில்லையெனில் மறுக்கவும், இடையில் விலகிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் பெயரையும் நோயையும் இரகசியமாகக் காப்பது ஆராய்ச்சியாளரின் கடமை. இவற்றையெல்லாம் அந்தக் காரியதரிசியிடம் கூறினேன். அடுத்த முறை வருபவர்களைச் சங்கக் கட்டடத்துக்கே அழைத்து, முதலில் அங்கத்தினர் அனைவர் முன்பும் விளக்கச் சொல்வதாக அவர் கூறினார். அதுவே நல்ல கூட்டுறவு முறை.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வினாக்கள்:

1. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்தது ஏன்?

2. குடும்பத்தாருக்கு அபாயம் மிகுந்த காலம் எது? அதைக் குறைக்க நம் சங்கம் செய்யக்கூடியது என்ன?

3. ஆராய்ச்சியாளர் நம் ஊருக்கு வந்தால், பணம் தருபவர் யார், முடிவை நமக்கு எப்போது தெரிவிப்பார்கள் என்பவற்றை நம் சார்பில் கேட்க வேண்டியவர் யார்?