வட்டி மட்டும் கட்டினால் போதுமா?

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடத்து, "வெளிக்கடன் உண்டா?" என வினவினால், "மாதந்தவறாது வட்டி கட்டி வருகிறேன்" எனப் பெருமையுடன் விடையிறுப்போர் பலர். குடும்பத்தைக் கெடுக்கும் பழக்கங்களுள் இதுவே முதன்மையானது.

நெசவாளர் ஒருவர் தீபாவளிச் செலவுக்கு, நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் 5,000 ரூபாய் வாங்கினார் எனக் கொள்வோம். மூன்று ரூபாய் என்பது சிறிதாகத் தோன்றும். ஆண்டுக் கணக்கில் அது நூற்றுக்கு 36 ஆகும். மாதம் 150 ரூபாய் வட்டி மட்டும் செலுத்தினால், மூன்றாண்டில் 5,400 ரூபாய் போய்விடும். அசலில் ஒரு ரூபாயும் குறையாது.

மாறாக, மாதம் 300 ரூபாய் செலுத்தி, வட்டி போக எஞ்சியதை அசலில் வரவு வைக்கச் செய்தால், 24 மாதங்களில் கடன் முற்றும் தீரும். கூடுதலாக வேண்டுவது நாளொன்றுக்கு ஐந்து ரூபாயே. கூலி பெற்ற அன்றே, விளைபொருள் விற்ற அன்றே, கடைக்குச் செல்லுமுன் அதனை எடுத்து வைத்திடுக. மிஞ்சியதைச் சேமிப்போம் என்றிருந்தால் எதுவும் மிஞ்சாது. செலுத்தும் தொகைக்கு அசல் வேறு, வட்டி வேறு எனக் குறித்து ரசீது பெறுக.

கடன் தீர்ந்த பின்னரும் அதே 300 ரூபாயைச் சேமித்து வரின், ஓராண்டில் 3,600 ரூபாய் சேரும். அடுத்த பண்டிகைக்குப் பிறர் வாயிலில் நிற்க வேண்டுவதில்லை.

பாவில் அறுந்த இழையை அப்போதே முடிந்துவிடுகிறோம். கடனை மட்டும் நாளைக்கென விடலாமா?