மீட்ட உயிரைத் திருப்பி அனுப்புதல்: கடலோரக் காப்பகத்துக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றங்கரைத் தோப்புகளிலும் வீராம்பட்டினம் கடற்கரையிலும் அடிபட்டோ தாயைப் பிரிந்தோ கிடைக்கும் உயிர்களுக்குக் காப்பகம் அமைக்க முற்படுவோர், கூண்டு கட்டுவதற்கு முன் அனுமதி பெற வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சட்டத்துக்குப் புறம்பாகப் பிடிக்கப்பட்ட அல்லது வளர்க்கப்பட்ட காட்டுயிர் அரசின் உடைமையாகும். அது கைக்கு வந்தவர் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறை அலுவலரிடமோ தெரிவித்தாக வேண்டும். மீட்பு மையம் நடத்துவதற்கு மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரமும் தேவை.

அடுத்தது இடத்தேர்வு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் தாக்கிய கரை இது என்பதால், மேட்டு நிலமும், வடகிழக்குப் பருவமழை நீர் தேங்காத வடிகாலும், கூரை பறந்தாலும் விலங்குகளை மாற்றி வைக்க ஒரு காங்கிரீட் அறையும் இன்றியமையாதவை.

விலங்கு வந்தவுடன் கிடைத்த இடம், நாள், எடை, காயம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பின்னாளில் அதை எங்கே விடுவது என்பதை அந்தப் பதிவே தீர்மானிக்கும். பிறகு அதைத் தனிமைக் கூடத்தில், அதாவது நோய் பரவாதிருக்கப் புதுவரவைப் பிரித்து வைக்கும் அறையில், மருத்துவர் விடுவிக்கும்வரை வைத்திருக்க வேண்டும். குரங்கு, நரி போன்றவற்றைக் கையாளும் பணியாளர்கள் வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொண்டிருப்பது கட்டாயம்.

இரக்கமே கொல்லும் இடம் உணவூட்டல். கூட்டிலிருந்து விழுந்த அணில் குஞ்சு உடல் குளிர்ந்திருக்கையில் எதையும் செரிக்காது என்பதால், முதலில் இளஞ்சூட்டில் வைத்து, பின் உப்பு-சர்க்கரைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகப் புகட்ட வேண்டும். பசும்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கிவிடும். கரையொதுங்கிய பங்குனி ஆமையை உடனே கடலுக்குள் தள்ளுவதும் தவறு. நுரையீரலால் மூச்சுவிடும் அவ்விலங்கு, களைத்த நிலையில் நீரில் மூழ்கியே இறக்கக்கூடும். நிழலில் வைத்து, மூக்குத் துளைகளை விட்டுவிட்டு ஓட்டின்மீது ஈரத்துணி போர்த்தி, வனத்துறையை அழைப்பதே முறை.

கிளி ஜோசியக் கூண்டுகளிலிருந்து மீட்கப்படும் பச்சைக்கிளிகளுக்கு மிகுந்த பொறுமை வேண்டும். நறுக்கப்பட்ட இறகின் அடிக்கட்டை தானே உதிர்ந்து புது இறகு முளைத்தால்தான் பறவை பறக்கும். அதற்கு ஓராண்டுகூட ஆகலாம். அதுவரை நீண்ட பறப்புக்கூண்டில் மற்ற கிளிகளோடு விட்டு, பணியாளர் பேச்சுக் கொடுக்காமல் உணவை வைத்துவிட்டு விலக வேண்டும். மனிதரைக் கண்டு பறந்தோடாத கிளி வெளியே விடத் தகுதியற்றது.

இவ்வொழுங்கைப் பேரளவில் கடைப்பிடிப்பது இலங்கையின் உடவளவை யானை இடைத்தங்கல் முகாம். 1995இல் தொடங்கப்பட்ட அம்முகாமில், தாயிழந்த கன்றுகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் புகட்டினாலும், பார்வையாளர் தொட அனுமதியில்லை. 1998 முதல் கன்றுகள் காட்டுக்கே திரும்புகின்றன. யானைகளைப் பார்வையாளருக்குக் காட்சிப்படுத்தும், அதே நாட்டின் பின்னவல யானைகள் காப்பகத்தைவிட இந்த முகாமே பின்பற்றத்தக்கது.

திரும்பவே முடியாத விலங்குகளும் உண்டு. எந்த ஊரைச் சேர்ந்தது என்று தெரியாத நட்சத்திர ஆமையைக் கண்ட காட்டில் விட்டால் அங்குள்ள ஆமைகளுக்கு நோய் பரவக்கூடும் என்பதால், அதை ஆயுள் முழுவதும் வைத்துக் காக்க நேரும். அது முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது; அத்தனை ஆண்டுகளுக்கும் தீவனச் செலவை யார் ஏற்பார் என்பதைத் தொடக்க நாளிலேயே எழுத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.