மழைக்குக் காத்திருக்கும் ஊர்

அந்தமானின் தலைநகரம் போர்ட் பிளேர். 2024-ஆம் ஆண்டில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். தமிழர்கள் பலர் இங்கே வாழ்கிறார்கள்.

அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 300 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. தமிழ்நாட்டில் பெய்வதைப் போல மூன்று மடங்கு! ஆனாலும் ஏப்ரல் மாதம் வந்தால் இங்கே தண்ணீர்ப் பஞ்சம். ஏன் தெரியுமா?

மே முதல் டிசம்பர் வரைதான் மழைக்காலம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை மிகக் குறைவு. தீவு சிறியது. மலைச்சரிவு அதிகம். பெய்த மழை ஓடைகளில் இறங்கிச் சீக்கிரமே கடலுக்குப் போய்விடும். சுற்றிலும் தண்ணீர். ஆனால் எல்லாம் உப்பு.

ஊருக்கு முக்கியமாகத் தண்ணீர் தருவது தனிக்காரி அணை. கோடையில் அணை வற்றும். அப்போது குழாயில் தினமும் தண்ணீர் வராது. இடையில் பல நாள் போய்விடும்.

"அக்கா, வீட்டுல எத்தனை குடம் இருக்கு?"

"ரெண்டுதான்டி. ஒண்ணு குடிக்க, ஒண்ணு சமைக்க. துணி துவைச்சு நாலு நாளாச்சு."

குழாயடியில் இதுதான் பேச்சு. குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீரைக்கூட யாரும் கொட்டுவதில்லை.

மே மாதம் காற்று திசை மாறும். தென்மேற்கிலிருந்து ஈரக் காற்று வீசும். இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை முதலில் தொடுவது இந்தத் தீவுகளைத்தான். கேரளத்துக்குப் பிறகுதான் போகும். 2024-இல் மே 19 அன்று நிக்கோபார் தீவுகளுக்கு வந்தது. 2025-இல் மே 13 அன்றே வந்துவிட்டது. ஆறு நாள் வித்தியாசம். வெளியூர்க்காரருக்கு அது சின்னக் கணக்கு. காலிக் குடம் வைத்திருப்பவருக்கு அப்படி அல்ல.

மழை வந்த அன்றே அணை நிறையாது. காய்ந்த மண் முதலில் குடிக்கும். பிறகுதான் ஓடையில் நீர் ஓடும். ஆனால் வீட்டுக் கூரை காத்திருக்காது. இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

10 அடி அகலம், 20 அடி நீளம் உள்ள தகரக் கூரை. அதில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 185 லிட்டர் விழும். சிந்தியது போக 150 லிட்டர் கிடைக்கும். 15 லிட்டர் குடத்தில் எத்தனை குடம்? பத்துக் குடம்!

முதல் மழை கூரையின் தூசியைக் கழுவும். அந்தத் தண்ணீரைப் பிடிக்க வேண்டாம். அடுத்து வருவதைத் துணியில் வடிகட்டிப் பிடியுங்கள். கொசு முட்டை இடாதபடி மூடி வையுங்கள். குடிப்பதற்குக் கொதிக்க வைத்து ஆற்றுங்கள்.