தகரப் பெட்டியில் கிடக்கும் நம் சரித்திரம்



போன மாதம் கூட்டமைப்பு அலுவலகத்தைச் சுத்தம் செய்தோம். மூலையில் கிடந்த தகரப் பெட்டியைத் திறந்தால், மேலே இருந்த நோட்டு கையிலேயே பொடியாக உதிர்ந்தது. கரையான்! அட்டையில் மிச்சம் இருந்த எழுத்தை வைத்துத்தான் அது ஒரு சங்கத்தின் முதல் தீர்மான நோட்டு என்று தெரிந்தது. எழுதிய ஊக்குநர் அம்மா காலமாகிவிட்டார். இனி யாரைப் போய்க் கேட்பது? அதனால் இதையே இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

நம் நோட்டும் சரித்திரம்தானா?

சரித்திரம் என்றால் ராஜா, கோட்டை என்று நினைக்கிறோம். ஆனால் தமிழ்நாட்டில் அரசு வழியாக மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியது 1989ல், தருமபுரி மாவட்டத்தில். ஐஃபாட் என்ற பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அதை நடத்தியது. அப்போது கிருஷ்ணகிரியும் ஓசூரும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தன. 2004ல்தான் நாம் தனி மாவட்டம் ஆனோம். ஆக, மாநிலம் முழுக்கப் பரவிய ஒரு வேலைக்கு நம் மண்ணும் ஆரம்ப இடம்.

எத்தனை குழு, எவ்வளவு கடன் என்பது அரசு அறிக்கையில் இருக்கும். ஆனால் கைநாட்டு வைத்தவர் எந்த மாதம் கையெழுத்துப் போட்டார், குடிநீர்க் குழாய்க்கு எத்தனை மனு கொடுத்தோம் என்பது நம் நோட்டில் மட்டும்தான் இருக்கும். இன்று ஓசூரைச் சுற்றிக் கம்பெனியும் பிளாட்டும் பெருகி, ஊரே அடையாளம் மாறிப் போகிறது. நோட்டும் போனால் பேத்திக்கு எதைக் காட்டுவோம்?

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

இலங்கையில் யாழ்ப்பாணம் பொது நூலகத்தை 1981ல் எரித்துவிட்டார்கள். சுமார் 97,000 நூல்களும் பழைய ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின. வேறு பிரதி இல்லாதவை போனது போனதுதான். 2005ல் சில தமிழர்கள் சேர்ந்து 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். பழைய புத்தகம், பத்திரிகை, சின்னச் சின்ன மலர்கள் எல்லாவற்றையும் படம் பிடித்துக் கணினியில் சேர்த்து வருகிறார்கள். ஓர் இடத்தில் அழிந்தாலும் இன்னோர் இடத்தில் பிரதி இருக்கும்.

மகாராஷ்டிராவில் பெண்கள் விடியற்காலையில் திருகையில் மாவு அரைத்துக்கொண்டே பாடுவார்கள். மாமியார் கொடுமை, பிறந்த வீட்டு நினைப்பு, சாமி எல்லாம் பாட்டில் வரும். மோட்டார் மெஷின் வந்ததும் பாட்டு நின்றுபோனது. ஹேமா ராய்ர்கர், கீ பாய்ட்வின் என்ற ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போய் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளைச் சேகரித்தார்கள். 'பாரி' என்ற கிராமப்புற ஆவணக் காப்பகம் 2017 முதல் அவற்றை, பாடியவர் பெயர், ஊரோடு வெளியிட்டு வருகிறது. படிக்காத பெண்கள் பாடியது இன்று ஒரு பெரிய சொத்து.

நாம் எப்படிச் செய்வது?

1. நோட்டை உலர்ந்த பருத்தித் துணியால் மெதுவாகத் துடைக்கவும். தண்ணீர் வேண்டாம். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை நாளாக ஆகக் காகிதத்தைக் கெடுக்கும்.

2. ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுக்கவும். பக்கத்தின் நாலு ஓரமும் தெரிய வேண்டும். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள்.

3. படத்துக்குப் பெயர் வைக்கவும்: முதலில் வருடம், பிறகு மாதம், தேதி, சங்கம், பக்க எண். யாரிடம் வாங்கினோம், எந்த ஊர் என்று தனி நோட்டில் எழுதவும். விவரம் இல்லாத படம் பெயர் இல்லாத பிள்ளை மாதிரி.

4. தெலுங்கிலோ கன்னடத்திலோ எழுதியிருந்தால் அப்படியே எடுக்கவும். எல்லை ஊரில் நாலு மொழி பேசுவதும் நம் சரித்திரம்தான்.

5. பென்டிரைவில் ஒன்று, வேறு வீட்டுக் கணினியில் ஒன்று என இரண்டு பிரதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறையும். டாக்குமென்ட்டாக அனுப்பவும்.

6. படம் எடுத்தாயிற்று என்று அசல் நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். சுவரை ஒட்டாமல், தரையில் வைக்காமல், அலமாரியில் வையுங்கள்.

7. ஊரில் வேடியப்பன் என்று கும்பிடும் கல் பல இடங்களில் பழைய நடுகல். காலை, மாலை சாய்ந்த வெயிலில் படம் எடுத்தால் எழுத்து தெளிவாகத் தெரியும். எழுத்தின் மேல் பெயின்ட் பூச வேண்டாம். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லலாம்.

எதைக் காட்டக் கூடாது?

இதைக் கூட்டத்தில் பேசியபோது ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து, "நான் அந்தக் காலத்துல ஆறு மாசம் தவணை கட்டல. அதுவும் அதுல எழுதியிருக்கு. ஊருக்கே காட்டப் போறீங்களாம்மா?" என்று கேட்டார். யாராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்த அக்கா கேட்டது நியாயம். வெகுநேரம் பேசி இப்படி முடிவு செய்தோம்: எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துப் பாதுகாப்போம். ஆனால் கடன் பேரேடு, தவணை பாக்கி, குடும்பச் சண்டை எழுதிய பக்கங்களை வெளியில் காட்ட மாட்டோம். மற்ற பக்கத்தையும் அந்தச் சங்கம் தீர்மானம் போட்டுச் சம்மதித்தால்தான் காட்டுவோம். பாட்டுப் பதிவு செய்தாலும் அப்படியே. பாடியவர் சம்மதம் முதலில், அவர் பெயர் பாட்டோடு கட்டாயம்.

முடிவு சொன்னதும் அந்த அக்காவே, "எங்க வீட்டுப் பரணில் இன்னும் ரெண்டு நோட்டு இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்றார்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பேச:

* நம் சங்கத்தின் முதல் நோட்டு இப்போது யாரிடம் இருக்கிறது?
* நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரி தெரிந்த பெரியவர்கள் நம் ஊரில் யார்? இந்த மாதமே அவர்களைப் போய்ப் பார்க்க முடியுமா?
* படம் எடுக்க, பெயர் எழுத எந்த இருவர் பொறுப்பு?

பேசி முடித்ததைத் தீர்மானமாக எழுதுங்கள். நாளைக்கு அந்தப் பக்கமும் சரித்திரம்தான்.