நோயுற்றவரின் கூலி

 

ஓர் அடியார் நோயுற்றாலும் பயணத்தில் இருந்தாலும், நலமாக ஊரில் இருந்தபோது செய்துவந்த அமல்களின் நன்மை அவருக்குத் தொடர்ந்து எழுதப்படும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. படுத்துவிட்டார் என்பதற்காக அல்லாஹ் கூலியை நிறுத்துவதில்லை. நாம்?

நம் பகுதியில் உப்பளத்திலும் பனையிலும் நாட்கூலிக்கு உழைப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே வரவு நின்றுவிடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆபரேஷன் செலவைத் தாங்கும். அடுப்பெரிய அது தராது.

வெளியூர் கம்பெனிகளில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த இ.எஸ்.ஐ. உண்டு. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். ஊழியரிடம் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். பலர் இதை வெறும் மருந்துச் சீட்டு என்றே நினைக்கிறார்கள். இல்லை. ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், இ.எஸ்.ஐ. மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும்.

ஆள் கணக்கைக் குறைத்து எழுதும் முதலாளியும், பிடித்த பணத்தைக் கட்டாதவரும் அமானிதத்தில் மோசடி செய்கிறார்கள். நலமாக இருந்துகொண்டு பொய்ச் சான்று வாங்குபவரும் அப்படித்தான்.

முதுமையில் கையேந்திய யூதருக்கு உமர் (ரலி) அவர்கள் பைத்துல்மாலிலிருந்து உதவி ஏற்பாடு செய்தார்கள். நாமோ ஸகாத்தை ரமளானில் கொடுத்து முடித்துவிடுகிறோம். நோய் எல்லா மாதமும் வருகிறது.

உங்கள் தெருவில் யாராவது வேலைக்குப் போக முடியாமல் படுத்திருந்தால் தொழுகைக்குப் பின் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். பெயரைச் சபையில் சொல்ல மாட்டோம்.